குழாய்ப் பாதையில் வளைவு: வளைத்த குழாயா, நேர்த்துண்டா, தானாக வளையும் குழாயா?

ஹைப்பர்லூப் (காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் பெட்டி அதிவேகமாக ஓடும் போக்குவரத்து) என்றாலே பேச்சு வெற்றிடம், காந்த மிதப்பு என்றுதான் போகிறது. வளைவை எப்படிக் கட்டுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை, பாதி தலைவலி அங்கேதான். மணிக்கு 1,200 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் பாதியைத் தாண்டக் கூடாது (எலான் மஸ்க்கின் 2013 திட்ட அறிக்கை வைத்த வரம்பு) என்றாலே ஆரம் சுமார் 23 கி.மீ. வேண்டும். ஜப்பானின் சூவோ மாக்லெவ் (காந்த மிதப்பு ரயில்) 500 கி.மீ. வேகத்துக்கே 8 கி.மீ. வைத்திருக்கிறது.

சரி, எஃகுக் குழாய்க்கு என்னென்ன வழி?

ஆலையிலேயே வளைத்துக் கொண்டுவரலாம். ஆனால் வளைக்கும்போது குழாயின் வட்டம் லேசாக நசுங்கி முட்டை வடிவத்துக்குப் போகும். உள்ளே காற்று இல்லை, வெளியே சதுர மீட்டருக்கு 10 டன் அழுத்தம், வட்டம் கெடக் கெட குழாய் உள்வாங்கும் ஆபத்தும் கூடுகிறது, அதற்காகவே சுவரைத் தடிமனாக்க வேண்டிவரும். தவிர, ஒவ்வொரு துண்டையும் சரியான பக்கம் திருப்பிவைத்துத்தான் வெல்டு அடிக்க முடியும்.

நேர்த்துண்டுகளை மிகச் சிறிய கோணத்தில் இணைப்பது மலிவு. 30 மீட்டர் துண்டு 23 கி.மீ. வளைவிலிருந்து நடுவில் 5 மி.மீ. தான் விலகும். அற்பம்தான், ஆனால் தண்டவாளத்தைக் குழாயோடு ஒட்டிவைத்தால் பெட்டிக்கு ஒவ்வொரு மூட்டிலும் ஒரு இடி, நொடிக்கு 11 தடவை. ஆகவே உள்ளே தண்டவாளத்தைத் தனியாக, திருகி நகர்த்தக்கூடிய தாங்கிகளில் வைத்து வளைவை அங்கே சீராக்க வேண்டும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: நேராக வெல்டு அடித்து, தூண்களின் மேல் குழாயைத் தானாக வளையவிடுவது. எண்ணெய்க் குழாய்களை இப்படிப் பதிப்பது பழைய வழக்கம். 2.2 மீட்டர் குழாய்க்கு 23 கி.மீ. ஆரத்தில் வளைவுத் தகைவு (வளைவதால் எஃகுக்குள் ஒரு சதுர அலகுக்கு எழும் விசை) சுமார் 10 மெகாபாஸ்கல். சாதாரண எஃகு 250 வரை தாங்கும். இதே குழாயை 500 மீட்டர் ஆரத்துக்கு இழுத்தால் 400ஐத் தாண்டிவிடும், அதனால் வேகம் குறைந்து வளைவு இறுகும் நிலையத்தருகே மட்டும் ஆலையில் வளைத்தது.

வெயில் மூன்றுக்கும் பொது எதிரி. 40 டிகிரி ஏறினால் ஒரு கிலோமீட்டர் எஃகு 48 செ.மீ. நீளும். நேர்ப்பாதையில் அது நீளவாக்கில் போகும். வளைவில் தடுத்தால் குழாய் வெளிப்பக்கம் தூணைத் தள்ளும். விரிவு மூட்டு வைத்தால் அது காற்று கசிய ஒரு வாசல். சுரங்கத்தில் வெப்பநிலை அவ்வளவாக மாறாது, ஒருபக்கம் சற்றுக் குறுகிய கான்கிரீட் வளையங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினாலே வளைவு வந்துவிடும். ஆனால் வெறும் கான்கிரீட் காற்றை உள்ளே விடும், உள்பூச்சு இல்லாமல் வெற்றிடம் நிற்காது.