கேள்வி கேட்டால் சீறுபவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்

முடி திருத்துபவர் எந்நேரமும் சிரித்த முகத்தோடு பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பவள் அல்ல நான். நாள் முழுவதும் நின்றபடியே செய்யும் வேலை அது. ஓயாமல் ஷாம்புவிலும் சாயத்திலும் நனைவதால் கைகளில் கரப்பான் என்னும் தோல் அழற்சி வந்து, பழகிய தொழிலையே விட்டுப் போனவர்களும் உண்டு. ஆகவே ஒருவர் சற்றுக் கடுகடுப்பாக இருந்தார் என்பதற்காக இந்த எச்சரிக்கையை எழுதவில்லை. நான் சென்ற அழகு நிலையத்தில் அந்தச் சிகையலங்காரக்காரர் எரிந்து விழுந்த இடங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால், அவை எல்லாமே நான் ஏதாவது ஒரு கேள்வி கேட்ட இடங்கள். கேள்விக்கு விடை வரவில்லை, ஏளனம் வந்தது. விடை வராத அந்தக் கேள்விகளைப் பற்றித்தான் பின்னர் தோல் மருத்துவரிடம் பேச வேண்டியிருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது மிகச் சாதாரணமான வேலை. நரை தெரியத் தொடங்கிய வேர்ப்பகுதிக்கு மட்டும் சாயம், வெடித்துப்போன நுனியில் இரண்டு விரற்கடை வெட்டு. தொலைபேசியில் அப்பாயின்ட்மென்ட் வாங்கியபோதே, சாயம் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முன்கூட்டியே சிறிது தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டுக்கு என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு மேடம், நாங்க பிராண்டட் சாயம்தான் போடுறோம்" என்று பதில் வந்தது. பிராண்டுக்கும் பேட்ச் டெஸ்டுக்கும் தொடர்பே இல்லை என்பதை இதைப் படிப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நிரந்தரச் சாயங்களில், குறிப்பாகக் கருமை நிறங்களில், பாராஃபினைலின்டையமின் என்னும் பொருள் பரவலாகப் பயன்படுகிறது. பிபிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எவ்வளவு விலையுயர்ந்த டியூபில் இருந்தாலும் அது ஒவ்வாமையைத் தூண்டக்கூடியதே. பல ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லாமல் சாயம் பூசிவந்தவருக்குத் திடீரென ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒருமுறை உடல் அதை எதிரியாகக் கருதத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் சாயமிடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிப் பார்க்கச் சொல்லிச் சாயப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

குறித்த நேரத்துக்குச் சென்றும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது; அது எங்கும் நடப்பதுதான், விட்டுவிடுகிறேன். நாற்காலியில் அமர்ந்ததும் அவர் வணக்கம்கூடச் சொல்லாமல், சீப்பின் வால்முனையால் என் முடிக்கற்றை ஒன்றைத் தூக்கி, கையால் தொடக்கூடக் கூசியவர்போலக் கண்ணாடியில் காட்டினார். "இதை யாரு வெட்டினது? இப்படியா தலையை வெச்சிருப்பீங்க?" என்று அடுத்த நாற்காலிகளில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. இதைத் தொழில் தந்திரம் என்றே நான் நினைக்கிறேன், ஏனெனில் அடுத்த மூச்சிலேயே கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்துகொள்ளாவிட்டால் இந்த முடி கையோடு வந்துவிடும் என்று தொடங்கினார். வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பவருக்கு எதையும் விற்கலாம்.

அந்த ட்ரீட்மென்டில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறதா என்று கேட்டேன். முடியை நேராக்கும் இத்தகைய கலவைகள் சிலவற்றில் அது இருப்பதும், சூடான இரும்பால் முடியை இழுக்கும்போது ஆவியாகி அறையில் பரவுவதும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியதும் தெரிந்த செய்திகளே. மெத்திலீன் கிளைகால் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் அது நீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடுதான். அவர் என்னைப் பார்க்காமல் உதவியாளரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கூகுள் பார்த்துட்டு வந்திருக்காங்க" என்றார். அந்த ஆவியை என்னைவிட நூறு மடங்கு அதிகமாகச் சுவாசிப்பவர் அவர்தான் என்பது அப்போதே என் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அதைச் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. ட்ரீட்மென்ட் வேண்டாம், சாயமும் வெட்டும் மட்டும் போதும் என்று தெளிவாகச் சொன்னேன்.

சாயத்தை அவர் என் கண்ணெதிரே கலக்கவில்லை; உள்ளே இருந்து ஒரு கிண்ணத்தில் கலந்தே வந்தது. எந்தச் சாயம், டெவலப்பர் எத்தனை வால்யூம் என்று கேட்டேன். டெவலப்பர் என்பது நிறம் பிடிப்பதற்காகச் சாயத்தோடு கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு; அதன் வீரியத்தை வால்யூம் என்று சொல்வார்கள். 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரையை மறைக்கப் பொதுவாக 20 வால்யூமே போதும். அதற்கு மேல் போகப் போக முடியின் இயல்பான நிறம் வெளுப்பதும் தோல் எரிவதும்தான் கூடும். இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை அப்படியே தருகிறேன்: "நீங்க பார்லர் நடத்துறீங்களா, நான் நடத்துறேனா?" பிறகு, "அம்மோனியா இல்லாததுதான், பயப்படாம உட்காருங்க" என்று ஒரு சொல்லை எறிந்தார். அம்மோனியா இல்லை என்பதால் பிபிடியும் இல்லை என்று ஆகிவிடாது. நெடி குறைவதற்காக அம்மோனியாவுக்குப் பதில் வேறொரு காரத்தைச் சேர்த்திருப்பார்கள். நிறம் தரும் பொருள் பெரும்பாலும் பழையபடியேதான் இருக்கும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பூசிய சிறிது நேரத்தில் உச்சியிலும் நெற்றி ஓரத்திலும் எரிச்சல் தொடங்கியது. இலேசான குறுகுறுப்பு அன்று; மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டதுபோன்ற எரிச்சல். சொன்னேன். "கொஞ்சம் எரியத்தான் செய்யும், எல்லாரும் பொறுத்துக்குறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார். மீண்டும் சொன்னபோது, இப்போது கழுவினால் நிறம் பிடிக்காது, அதற்கு நான் பொறுப்பல்ல என்றார். நிறம் பிடிக்காவிட்டால் போகட்டும், உடனே கழுவுங்கள் என்று நான் எழுந்து நின்ற பிறகே அசைந்தார். எரிகிறது என்று வாடிக்கையாளர் சொன்ன மறுகணமே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பது தொழில் கற்பவருக்கு முதலிலேயே சொல்லித்தரப்படும் பாடம். அதற்குப் பொறுமையை அளவுகோலாக வைப்பது எந்தப் பயிற்சியில் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

கழுவும் இடத்திலும் இதே கதைதான். பேசினின் விளிம்பு கழுத்தை அறுப்பதுபோல் அழுத்தியது. அடியில் ஒரு டவல் மடித்து வைக்கச் சொன்னதற்கு, உரக்க ஒரு பெருமூச்சு விட்டு, டவலை என் மடியில் எறிந்தார். இது வெறும் வசதிக் குறைவு என்று நினைக்க வேண்டாம். கழுத்தைப் பின்னுக்கு மிகையாக வளைத்துக் கிடப்பதால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் பாதிக்கப்பட்டுப் பக்கவாத அறிகுறிகள் தோன்றிய ஐந்து பெண்களைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 1993-இலேயே கட்டுரை வந்திருக்கிறது. மிக அரிதாகவே நேர்வது என்பது உண்மை. ஆனால் ஒரு டவலால் கழுத்துக்குத் தாங்கல் கொடுக்க முடியும்போது அதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

வெட்டுக்கு வருகிறேன். இரண்டு விரற்கடை என்று விரலை வைத்தே காட்டியிருந்தேன். ஈர முடியைச் சீப்பால் இறுக இழுத்துப் பிடித்து, தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டு, யாரிடமோ வாடகை பற்றிப் பேசிக்கொண்டே வெட்டினார். ஈரமான முடி இழுத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை நீளக்கூடியது. காய்ந்ததும் சுருங்கிவிடும், என்னுடையதைப்போல் அலையலையான முடி இன்னும் மேலே ஏறிக்கொள்ளும். அதைக் கணக்கில் வைத்துக் குறைவாக வெட்டித் தொடங்குவதுதான் கைத்தேர்ச்சி. தரையில் விழுந்த கற்றைகளைப் பார்த்ததுமே நிறுத்தச் சொன்னேன். "லேயர் குடுத்தாத்தான் இந்த முகத்துக்கு எடுக்கும்" என்றார். லேயர் வேண்டும் என்று யார் கேட்டது? உலர்த்திய பிறகு, தோளுக்குக் கீழே இருந்த முடி காது மடலைத் தாண்டிச் சற்றே தொங்கியது, அதுவும் இடப்புறம் ஒரு நீளம், வலப்புறம் ஒரு நீளம். முடி மாதத்துக்குச் சராசரியாக ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வளரும். பத்து சென்டிமீட்டர் அதிகமாக வெட்டினால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை அவர் அறியாதவராக இருக்க முடியாது.

பில்லில் நான் கேட்காத ஒரு "ப்ரொடெக்ட் ட்ரீட்மென்ட்" சேர்ந்திருந்தது. என்னவென்று விசாரித்ததில், கழுவும்போது தடவிய கண்டிஷனர்தான் அது என்று தெரிந்தது. எடுத்துவிடச் சொன்னதற்கு, "போட்டது போட்டதுதானே, திருப்பி எடுக்க முடியுமா?" என்று அவரே கல்லாப் பக்கம் வந்து குரலை உயர்த்தினார். மேலாளர் என்னைத் தனியே அழைத்து, "அவங்க பேச்சு அப்படித்தான் மேடம், ஆனா கை ரொம்ப நல்ல கை" என்று சமாதானம் சொன்னார். அந்தக் கையின் அழகைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேனே. அந்த வரியை நீக்கிய பிறகுதான் பணம் கொடுத்தேன். அச்சிட்ட பில்லும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் எரிச்சல் தணிந்தது, ஆனால் அதற்கடுத்த நாள் காதுகளுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோல் தடித்துச் சிவந்து, நீர் கோத்த சிறு கொப்புளங்கள் எழுந்தன. காலையில் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. பூசும்போதே எரிவது பெரும்பாலும் தோலின் உறுத்தல் என்றும், ஓரிரு நாள் கழித்து அரிப்பும் வீக்கமுமாக வருவது ஒவ்வாமை என்றும் தோல் மருத்துவர் விளக்கினார். உச்சந்தலைத் தோல் தடிமனானது என்பதால் சாய ஒவ்வாமை அங்கே அதிகம் தெரியாமல், காது, கழுத்து, இமை போன்ற மெல்லிய இடங்களில் வெளிப்படுமாம். எனக்கு நேர்ந்தது இரண்டும் சேர்ந்தது. என்ன சாயம் போட்டார்கள் என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டும், "அது எங்க ரகசியக் கலவை" என்றே சொன்னார்கள்.

ஆகவே நான் சொல்வது இதுதான். முன்பதிவு செய்யும்போதே பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். தேவையில்லை என்று சொல்லும் இடத்தில் சாயம் பூசிக்கொள்ள வேண்டாம், வெட்டு மட்டுமென்றால் உங்கள் விருப்பம். சாயக் குழாயையும் டெவலப்பர் புட்டியையும் உங்கள் முன்னால் திறந்து கலக்கச் சொல்லி, இரண்டின் லேபிளையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நாளை மருத்துவரிடம் காட்ட அது ஒன்றே சான்று. எத்தனை விரற்கடை என்பதை உலர்ந்த முடியிலேயே காட்டி, முதல் கற்றையை வெட்டியதும் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, முதல் கேள்விக்கே கேலி பதிலாக வந்தால், தலையில் எதுவும் படுவதற்கு முன்பே போர்த்திய துணியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். முன்பணம் கொடுத்திருந்தால் அது போகலாம், போகட்டும். சாயம் தலையில் ஏறிய பிறகு எழுந்து போவது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்கும் தெரியும், அந்தத் துணிவில்தான் பேச்சும் தடிக்கிறது.

ஏற்கெனவே பூசிக்கொண்டு அரிப்போ வீக்கமோ தொடங்கியிருப்பவர்கள், தலையை மென்மையான ஷாம்புவால் நன்றாக அலசிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முகம் வேகமாக வீங்கினாலோ மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். கைகளில் வரையும் கறுப்பு மருதாணியில் பிபிடி கலந்திருப்பதுண்டு. அது எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் தலைச்சாயத்தை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனெனில் படங்கள், பில், மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றோடு உரிமையாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, சாயத்தின் விவரத்தையும் மருத்துவச் செலவையும் கேட்டிருக்கிறேன். இதுவரை வந்துள்ள ஒரே பதில், வெட்டைச் சரிசெய்ய இலவசமாக ஒரு அப்பாயின்ட்மென்ட் தருகிறோம் என்பது. யார் வெட்டுவார் என்று கேட்டேன். அதே சிகையலங்காரக்காரர்தானாம். வேண்டாம் என்று எழுதிவிட்டு, சாயத்தின் பெயரை மட்டும் மீண்டும் கேட்டிருக்கிறேன்.