நேரில் கேட்பதா, எழுதி வாங்குவதா?

அமெரிக்காவில் ஓர் அரசுத் துறை ஒருவரின் உதவித்தொகையை நிறுத்த நினைத்தால், அவர் தரப்பை எப்படிக் கேட்க வேண்டும்? நேரில் வரவழைத்தா, கடிதம் வாங்கியா?

1970-இல் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் நேர் விசாரணையின் பக்கம் நின்றது. வறியோருக்கான உதவியை நிறுத்தும் முன்பே விசாரணை நடக்க வேண்டும். உதவி பெறுபவர் வாய் திறந்து பேசலாம், எதிர்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அதிகம் படிக்காதவரிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் அவர் எங்கே போவார்? பேசும்போதுதான் அதிகாரிக்கு எதில் சந்தேகம் என்பது புரியும், அங்கேயே விளக்கமும் சொல்லலாம். காகிதத்தில் அது நடக்காது.

எழுத்து விசாரணை விரைவானது, செலவும் குறைவு. 1976-இல் மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் வழக்கில், உடல் இயலாமைக்கான உதவித்தொகையை நிறுத்த முதலில் அதுவே போதும், நேர் விசாரணை நிறுத்திய பிறகு நடக்கட்டும் என்றது அதே நீதிமன்றம். தனிமனிதரின் இழப்பு, முடிவு தவறாகும் வாய்ப்பு, அரசின் சுமை ஆகிய மூன்றையும் எடைபோடச் சொன்னது. மருத்துவ அறிக்கைகள் பெரும்பாலும் பேசிவிடும் என்பது வாதம்.

நோயின் பெயருக்கு அறிக்கை போதும்தான். ஆனால் அந்த உடம்போடு வேலை செய்ய முடியுமா என்பதை ஆளைப் பார்க்காமல் முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வழக்கில் உதவித்தொகையை இழந்தவர் எல்ட்ரிட்ஜ். உதவி நின்றதால் அவர் குடும்பத்தின் வீடு கடனுக்குப் போனது, தட்டுமுட்டுச் சாமான்களும் பறிபோயின. குடும்பமே ஒரே கட்டிலில் படுத்தது என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி பிரென்னன் பதிவு செய்திருக்கிறார்.