சிபேப் மெஷினா, தாடைக் கருவியா: எத்தனை மணி நேரம் போட்டிருந்தேன் என்ற கணக்கு

இரண்டு ஆண்டுக்கு முன் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைப் பதிந்து பார்க்கும் சோதனை, எடுத்தேன். தூக்கத்தில் மூச்சு நின்றதும் குறைந்ததுமாக மணிக்கு 22 தடவை. 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்பார்கள். முதல் ஆறு மாதம் சிபேப்: மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் மெஷின். பிறகு, கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவி. இன்றுவரை அதுதான்.

தொண்டையைத் திறந்து வைப்பதில் சிபேப்பை மிஞ்ச எதுவும் இல்லை. 1981-இல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் செய்து காட்டியதிலிருந்து அதற்குத்தான் முதலிடம். மாஸ்க் போட்டிருந்த நேரத்தில் என் எண்ணிக்கை மணிக்கு 2. பல் கருவியோடு எடுத்த மறு ஸ்டடியில் 9. கரன்ட் போனால் நிற்பது, தினம் மாஸ்க் கழுவுவது எல்லாம் சமாளிக்கக் கூடியவை.

என் முடிவை மாற்றியது மெஷின் பதிந்து வைத்திருந்த நேரம்: இரவுக்குச் சராசரி 4 மணி. நடு ராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றிவிடுவேன், கழற்றியது காலையில்தான் தெரியும். தூங்குவது 7 மணி நேரம். 4 மணிக்கு 2 வீதம் 8, மிச்சம் 3 மணிக்கு 22 வீதம் 66. ஆக 74, மணிக்குப் பத்தரை. பல் கருவியோ விடியும்வரை வாயில் இருக்கிறது: 9. அதோடு கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம், தொண்டைத் தசை மிகவும் தளர்வதும் அப்போதுதான். நான் மாஸ்க் இல்லாமல் கிடந்ததும் அதே நேரம். உண்மைக் கணக்கு பத்தரையைத் தாண்டியிருக்கும்.

என் உடம்புக்கும் இது தோது. எந்தக் கருவியும் இல்லாதபோது மல்லாந்தால் மணிக்கு 34, ஒருக்களித்தால் 11. அதிக எடை இல்லை, தாடை சற்று உள்வாங்கியது. எல்லாருக்கும் தொண்டை அமைப்பு மட்டுமே காரணமில்லை. சிறு சலனத்துக்கே விழித்துக்கொள்கிறவர்கள் உண்டு. மூச்சுக் கட்டுப்பாடே நிலையில்லாமல் ஏறி இறங்குகிறவர்களும் உண்டு. இந்தக் கடைசி வகைக்குத் தாடையை இழுப்பது அவ்வளவு பலன் தராது. மணிக்கு 50, ரத்தத்தில் ஆக்சிஜனும் நன்றாக இறங்குகிறது என்றால் என்னைப் பின்பற்றாதீர்கள், சிபேப்பையே பழகுங்கள்.

காலையில் அரை மணி நேரம் தாடை வலிக்கிறது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் இடம் லேசாக நகர்ந்ததுபோல் இருக்கிறது. என் அனுபவம் ஒன்றரை ஆண்டுதான். பத்தாண்டு போட்டால் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது.

பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்யுங்கள். போட்ட பிறகு, அதோடு இன்னொரு ஸ்லீப் ஸ்டடி கட்டாயம். குறட்டை நின்றதும் வீட்டில் நிம்மதி அடைந்துவிடுவார்கள். சத்தம் போன பிறகும் மூச்சு நிற்பது தொடரலாம்.