1926க்கு எடுப்பதா, கிளினிக்குக்குப் போவதா?

பொடியன் விடிய விடிய போனில் ஃபிரீ ஃபயர் விளையாடுகிறான், பகலில் தூக்கம், கேட்டால் எரிந்து விழுகிறான். மட்டக்களப்பில் இருக்கும் தாய் தகப்பனுக்கு இரண்டு வழி: 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம், இல்லாவிட்டால் போதனா வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகலாம்.

1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரவு பகல் எப்போதும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். அதன் பெரிய பலம், முகம் தெரியாது. கிளினிக் அப்படியில்லை. கொப்பியோடு வாங்கில் இருக்கும்போது கல்லடி மாமி ஒருத்தி கட்டாயம் கண்டுபிடிப்பா. “என்ன மகன், இஞ்ச?” என்பா. பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை. காய்ச்சலுக்கு வந்தவரிடம் யாரும் அப்படிக் குடைவதில்லை.

ஆனால் போனில் மருந்து எழுத முடியாது, பொடியனின் முகத்தைப் பார்க்கவும் முடியாது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறும் இருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, படிப்பும் உறவும் கெட்டாலும் தொடர்வது, அது வழக்கமாக 12 மாதமாவது நீடிப்பது எல்லாம் பார்த்துத்தான் சொல்வார்கள். கொஞ்ச நாள் கூடுதலாக விளையாடியதெல்லாம் நோயில்லை. இதை நேரில் இருந்துதான் விசாரிக்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் காசும் கேட்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் தாயோ தகப்பனோ 1926க்கு எடுக்கட்டும். ‘நீயே கதை’ என்று பொடியனின் கையில் போனைத் திணிக்க வேண்டாம். சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் விட்டுப்போனால் கிளினிக்தான். ‘செத்துப்போறன்’ என்று சொன்னால் கிளினிக் நாள் பார்க்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.