தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: பரிமாறுகிறவரே பங்குதாரர்

நாகர்கோவில்காரர்களில் பாதிப் பேருக்குத் திருவனந்தபுரம் என்றாலே ஆஸ்பத்திரிதான். மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்ரா, ஆர்.சி.சி. என்று ஏதாவது ஒன்றுக்கு யாரையாவது கூட்டிப்போகாத வீடு எங்கள் பக்கம் குறைவு. 1956 நவம்பர் வரை நாங்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தானே. அம்மாவைச் செக்கப்புக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் ரயிலை விட்டு இறங்கியதும் நாங்கள் நுழைவது, ஸ்டேஷனுக்கு எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டை ஒட்டி நிற்கும் அந்த வட்டமான செங்கல் கட்டடத்துக்குள்.

லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கட்டடம். உள்ளே மாடி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரே சாய்தளம் சுழன்று சுழன்று மேலே போகும். வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மேசையும் பெஞ்சும், எல்லாம் கட்டியே வைத்தது, நகர்த்த முடியாது. நடக்கிற பாதை சரிவு, ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் இடம் சமதளம். கப்பில் காபி ஒரு பக்கம் சாயாது. சுவர் முழுக்கச் செங்கல்லை விட்டுவிட்டு அடுக்கிய ஓட்டைகள். அது வழியே காற்றும் வெளிச்சமும் வருவதால் ஏ.சி. இல்லாமலே வெயில் நேரத்தில் உட்கார முடிகிறது. காலையில் போனால் மேசைமேல் கட்டம் கட்டமாக வெயில் விழுந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மசால் தோசைக்குள் பீட்ரூட் போட்ட சிவப்பு மசாலா. நம் ஊர் மஞ்சள் உருளைக்கிழங்கை எதிர்பார்த்துப் பிய்த்தால் கொஞ்சம் இனிப்புத் தட்டும், சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். சட்னியைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கினால் அந்த இனிப்புக்குச் சரியாக இருக்கும். கட்லெட்டும் அதே நிறம்தான். வெளியே மொறுமொறு, உள்ளே பொலபொலவென்று, கூடவே நறுக்கிய வெங்காயமும் சாஸும். அம்மா எப்போதும் ஆம்லெட்டும் பிரட்டும் சொல்வார். காபி கப்பும் சாஸருமாக வரும். கும்பகோணம் டிகிரி காபியின் கசப்பைத் தேடுகிறவர்களுக்கு இது மென்மையாகத் தெரியலாம். விலை, பயணத்தில் இருப்பவர் யோசிக்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிற விலை.

ஆனால் நான் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்தது தோசைக்காக இல்லை. அங்கே பரிமாறுகிறவர்களுக்காக.

என் அப்பா நாகர்கோவிலில் ஒரு ஓட்டலில் ஆயுசு முழுக்க சப்ளையர். உடைந்த டம்ளருக்குச் சனிக்கிழமைக் கூலியில் பிடித்தம். மேசையில் வைத்துவிட்டுப் போகிற டிப்ஸ் கல்லாவுக்குப் போகும். வாடிக்கையாளர் சத்தம் போட்டால், தப்பு யார்மேல் என்று கேட்காமல் முதலாளி எல்லார் முன்னாலும் அவரைத் திட்டுவார். அது வாடிக்கையாளருக்குச் செய்கிற மரியாதையாம். அதனால் எந்த ஓட்டலுக்குப் போனாலும் என் கண் முதலில் சப்ளையரின் தோளைத்தான் பார்க்கும். குறுகி நிற்கிறாரா, நிமிர்ந்து நிற்கிறாரா.

தம்பானூரில் நிமிர்ந்து நிற்கிறார்கள். வெள்ளை யூனிபார்ம், இடுப்பில் அகலப் பட்டை, தலையில் விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகை. தட்டுகளை அடுக்கிக்கொண்டு அந்தச் சரிவில் சறுக்காமல் ஏறுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து மேசையில் ஒரு சின்னப் பையன் சாம்பாரைத் தட்டிவிட்டான். அவன் அம்மா பதறி எழுந்தார். வயதான சப்ளையர் ஒருவர் வந்து, குழந்தை சட்டையில் சூடாகப் பட்டதா என்று முதலில் பார்த்தார். அப்புறம்தான் துணியை எடுத்தார். மேசையைத் துடைத்தார், தரையைத் துடைத்தார், வேறொரு கிண்ணத்தில் சாம்பார் கொண்டுவந்து வைத்தார். கல்லாப் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே முதலாளி யாரும் இல்லை. கடை அவருடையது, அவரைப் போன்ற எல்லாருடையதும்.

இதன் கதை எங்கள் வயதுக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. காபி ஹவுஸ் என்பது முதலில் அரசு சார்ந்த காபி போர்டு நடத்திய கடைகள். 1950களின் நடுவில் போர்டு அவற்றை மூட முடிவெடுத்ததும் ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், கடைகளைத் தொழிலாளர்களிடமே கொடுங்கள் என்று நேருவரை கொண்டுபோனார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், அக்டோபரில் டெல்லியில் தொழிலாளர்களே நடத்திய முதல் காபி ஹவுஸ், 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. கேரளத்தில் இன்றைக்கு இரண்டு சங்கங்கள் நடத்துகின்றன: வடக்கே கண்ணூர், தெற்கே திருச்சூர். தம்பானூர் கடை திருச்சூர் சங்கத்தைச் சேர்ந்தது. வேலை செய்கிறவர்களே உறுப்பினர்கள், அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற குழுதான் நிர்வாகம்.

பில் கொண்டுவந்தவரிடம் அம்மா, "தம்பி, எத்தனை வருசமா இங்க?" என்று கேட்டார். அவர் நல்ல தமிழில் பதில் சொன்னார். மேசை துடைக்கிற வேலையில் சேர்ந்தாராம், பிறகு சப்ளைக்கு வந்தாராம். மேனேஜராக இருப்பவரும் அந்த வழியில் வந்தவர்தான் என்றார். அப்பா இருந்த ஓட்டலில் மேனேஜர் என்றால் முதலாளியின் மைத்துனர்.

கூட்டுறவு என்றாலே நம் ஊரில் சங்கத் தேர்தல் சண்டையும் கடன் தள்ளுபடியும்தான் பலருக்கு நினைவு வருகிறது. அறுபது வருசத்துக்கு மேலாக, பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல், சாப்பாட்டுத் தொழில் போல ஆள் நிலைக்காத ஒரு தொழிலில் ஒரு சங்கம் நடக்கிறது என்றால் அதைப் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் பக்கம் புதுச்சேரி நேரு வீதி அருகே என்றால் அங்கேயும் ஒரு காபி ஹவுஸ் உண்டு. குமரி மாவட்டத்தில் சின்ன ஓட்டல்களில் வேலை செய்கிற பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து இப்படி ஒன்று தொடங்கினால் என் சேமிப்பில் ஒரு பங்கு போட நான் தயார். இதை மனதாரச் சொல்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மூட்டுவலிக்காரர்களைக் கூட்டிப்போனால் கீழே முதல் வளைவிலேயே இடம் பிடியுங்கள், மேலே ஏற வேண்டாம். பெரிய பெட்டியோடு போனால் பெஞ்சுக்கும் பாதைக்கும் நடுவே இடம் நெருக்கும். ரயில் வந்து நிற்கிற நேரத்தில் கூட்டம் அள்ளும். அப்போது அடுத்தவர் மேசையில் சேர்ந்து உட்காரத் தயங்காதீர்கள், அங்கே அதுதான் வழக்கம். மதியத்துக்குப் பிறகு போனால் நிதானமாக இருக்கலாம். கட்லெட்டைச் சூடாக வரும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.