பயிலரங்கு நன்று, புகார் சொல்லும் வழிதான் தெரியவில்லை

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நடத்திய மூன்று நாள் ஆய்வுமுறைப் பயிலரங்குக்கு 1,200 ரூபாய் கட்டி, மார்த்தாண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். வகுப்புகள் உருப்படியானவை. சாப்பாட்டில் மட்டிப்பழம்கூட வைத்தார்கள்.

முதல் நாள் தந்த ஃபைலில் நடத்தை விதிகள் ஒரு பக்கம் இருந்தன. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, உடை, தோற்றம் பற்றிப் பேசக் கூடாது என்றெல்லாம். சரி, பரவாயில்லையே என்று நினைத்தேன். புகாருக்கு ‘ஒருங்கிணைப்பாளரை அணுகவும்’, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் டீ நேரத்தில், பாடம் எடுக்க வந்தவர் என் தோளில் கை வைத்தபடியே பேசினார். நான் நகர்ந்தேன், அவரும் நகர்ந்தார். ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னால், “அப்பா மாதிரி அவர், விடும்மா” என்கிறார். என் அப்பா யார் தோளிலும் அப்படிக் கை வைப்பதில்லை.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூத்த பெண் ஒருவர் தலைமையில், வெளி உறுப்பினரோடு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்கலாம். மாணவர்களுக்கும் இது உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகள் சொல்கின்றன. அந்தக் கல்லூரியிலும் குழு இருந்தது! நூலகத்து அக்காதான் தலைவியின் அறையைக் காட்டினார். அந்த அம்மா உட்கார வைத்துக் கேட்டு, புகாரை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மூன்றாம் நாள் வகுப்பை வேறொருவர் எடுத்தார்.

ஐந்துக்கு மூன்று. ஃபைலில் அந்த அம்மாவின் நம்பரை அச்சடித்திருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.