முதலில் டெஸ்டா, டி20யா? இந்திய அணியின் வெளிநாட்டுப் பயணங்கள்

வெளிநாட்டுப் பயணத்தில் சிவப்புப் பந்தில் ஐந்து நாள் ஆடும் டெஸ்டை முதலில் வைப்பதா, ஒருநாள், டி20 என்ற வெள்ளைப் பந்து ஆட்டங்களை முடித்துவிட்டு டெஸ்டுக்குப் போவதா? இந்திய அணி இரண்டு வழியிலும் ஜெயித்திருக்கிறது, அடியும் வாங்கியிருக்கிறது.

டெஸ்ட் முதலில் என்றால் 2018 தென்னாப்பிரிக்கப் பயணம். பார்லில் நடக்கவிருந்த இரண்டு நாள் பயிற்சி ஆட்டத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு, ஜனவரி 5 அன்று கேப்டவுனில் நேராக டெஸ்டில் இறங்கினார்கள். இலக்கு 208, 135க்கு ஆல் அவுட். அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் பிலாண்டருக்கு 6 விக்கெட். செஞ்சூரியனிலும் தோற்றதால் தொடர் கைவிட்டுப் போனது. ஆடுகளம் பிடிபட்டு ஜோகன்னஸ்பர்க்கில் 63 ரன்னில் வென்றபோது டெஸ்ட் தொடரே முடிந்திருந்தது. அடுத்து ஒருநாள் தொடர் 5-1, டி20 தொடர் 2-1. டெஸ்டைக் கடைசியில் வைத்திருக்கக் கூடாதா என்று அன்று புலம்பாத ரசிகர் இல்லை.

வைத்தால் மட்டும்? 2020இல் நியூசிலாந்தில் டி20 தொடரை 5-0 என்று வாரிச் சுருட்டினோம். பிறகு ஒருநாள் தொடர் 0-3, டெஸ்ட் 0-2. வெலிங்டனில் முதல் இன்னிங்ஸ் 165தான். வெள்ளைப் பந்து சில ஓவர்களுக்குக் காற்றில் வளைந்து, அதாவது ஸ்விங் ஆகி, அடங்கிவிடும். கையை நீட்டி அடிப்பவனுக்கு டி20 கூலி கொடுக்கும். அதே கை சிவப்புப் பந்துக்கு முன்னால் நீண்டால் பின்னால் கீப்பருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில், கேட்ச் பிடிக்க ஆள் காத்திருக்கிறார். ஆகவே டி20 ஆடுவது டெஸ்டுக்குப் பயிற்சி என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

காயக் கணக்கும் உண்டு. 2018 இங்கிலாந்துப் பயணத்தில், முன்பே தொந்தரவு தந்துகொண்டிருந்த வேகப்பந்து வீச்சாளர் புவனேஷ்வரின் முதுகு லீட்ஸ் ஒருநாள் ஆட்டத்தோடு மோசமானது. ஸ்விங்குக்கென்றே பிறந்த அந்த ஆளுக்கு ஐந்து டெஸ்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2020இல் கான்பெராவில் நடந்த முதல் டி20இல் ஹெல்மெட்டில் அடிபட்ட ஜடேஜா, அடிலெய்டு டெஸ்டில் ஆடவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் என் ஓட்டு வெள்ளைப் பந்து முதலில் என்பதற்குத்தான். காரணம் அதே 2020-21 ஆஸ்திரேலியப் பயணம். கொரோனா கட்டுப்பாடுகளால் பெரிய படையாகப் போனார்கள். டிசம்பர் 6 முதல் 8 வரை சிட்னியில் ஒரு பக்கம் டி20. அதே நாட்களில் அதே ஊரின் ட்ரம்மாய்ன் மைதானத்தில் ரஹானே தலைமையில் சிவப்புப் பந்துப் பயிற்சி ஆட்டம். ரஹானே அதில் சதமும் அடித்தார். அப்படியிருந்தும் அடிலெய்டில் 36க்குச் சுருண்டது வேறு கதை.

வலைப்பயிற்சிக்குப் பந்து வீசப் போன சேலத்துக்காரர் நடராஜன், கான்பெராவில் ஒருநாள், டி20 இரண்டிலும் அறிமுகமானார். வெள்ளைப் பந்துத் தொடர்கள் முடிந்ததும் அவரை ஊருக்கு அனுப்பவில்லை. டி20 அணிக்கென்று வந்த வாஷிங்டன் சுந்தரையும் நிறுத்திக்கொண்டார்கள். பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி, உமேஷ் எல்லோரும் காயத்தில் விழ, பிரிஸ்பேனில் இவர்கள் இருவருக்கும் டெஸ்ட் தொப்பி கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட். சுந்தர் 62 ரன் வேறு. 1988க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றிராத அந்த ஊரின் காபா மைதானத்தில் 3 விக்கெட்டில் வெற்றி, தொடரும் நமக்கு. டெஸ்டை முதலில் வைத்திருந்தால் நடராஜன் வலையிலேயே நின்றிருப்பார்.

அப்படியானால் முதலில் ஆடும் வெள்ளைப் பந்துத் தொடரின் லாபம், அந்த மண்ணில் சில வாரம் பந்து வீசிய கூடுதல் கைகள். இந்த லாபம் கிடைக்க ஆட்கள் தங்க வேண்டும். 2023-24 தென்னாப்பிரிக்கப் பயணத்திலும் வெள்ளைப் பந்துதான் முதலில்: டி20, ஒருநாள், பிறகு டெஸ்ட். ஆனால் டி20க்கு சூர்யகுமார், ஒருநாளுக்கு ராகுல், டெஸ்டுக்கு ரோகித் என மூன்று கேப்டன்கள், கிட்டத்தட்ட மூன்று அணிகள். ரோகித், கோலி, பும்ரா மூவரும் டெஸ்டுக்கு மட்டும் வந்தார்கள். செஞ்சூரியனில் மூன்றே நாளில் இன்னிங்ஸ் தோல்வி. கேப்டவுனில் ஜெயித்தோம், சிராஜ் 15 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். ஆனால் 642 பந்துகளில் முடிந்துபோன அந்த ஆட்டத்தை எந்தக் கட்சிக்கும் சாட்சியாக அழைக்க முடியாது.